பழனி பஸ் கண்டக்டரும் என் கல்யாணமும்

1961 தை மாதத்தில் என் நான்காவது தொடர்கதை ஒரு வாரப் பத்திரிகையில் வரத் தொடங்கியது. முதல் மூன்றும் சின்னப் பத்திரிகைகளில் வந்தவை. திண்டுக்கல்லில் அவற்றைப் படித்தவர்களைவிட, அவை வந்தன என்று கேள்விப்பட்டவர்களே அதிகம். நான்காவது அப்படியல்ல. பலசரக்குக் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிற தாளில்கூட என் பெயர் இருந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் தெருவில் அந்த வயதில் கல்யாணமாகாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

நான் எழுதியதெல்லாம் காதல் கதைகள். அப்பா தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்குப்பிள்ளை. மாலையில் அவர் வீட்டுக்குள் நுழையும்போது சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த வாசனை முதலில் வரும், அவர் பிறகு வருவார். நூலகத்திலிருந்து எனக்கு ருஷ்ய நாவல்களும் வங்காள நாவல்களும் தமிழில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். படித்து முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து, நூலகத்தார் திட்டுவார்களே என்று பிறகு அழித்துவிடுவேன். என் கதைகளை மட்டும் அப்பா படித்ததில்லை. பத்திரிகை வந்தால் என் பெயர் அச்சாகியிருக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி வைப்பார். மகள் எழுதிய காதலை அப்பன் எப்படிப் படிப்பது என்ற கூச்சம் அவருக்கு. அது எனக்குப் புரிந்ததால் கேட்டதில்லை.

என் எழுத்து வேலை குழாயடியில் நடந்தது. அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் தண்ணீர் வாரத்தில் ஓரிரு கிழமைதான் வரும். விடிவதற்கு முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்பார்கள். அந்த நேரம் முழுவதும் மனத்துக்குள் ஓர் அத்தியாயத்தைக் கட்டிக்கொண்டிருப்பேன். வரிசையில் நின்றவர்களின் பேச்சு எனக்குக் கை கொடுத்தது. புருஷனைத் திட்டுகிறவள் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறாள் என்பதைக் கவனித்தால், அங்கேதான் அவளுக்கு அவன்மேல் ஆசை இருக்கிறது என்று தெரியும். தண்ணீர் கொண்டுவந்து, உலை வைத்து, அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்த பிறகு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுவேன். கதையில் பௌர்ணமி வந்தால் பஞ்சாங்கத்தைப் பார்ப்பேன். பஸ் வந்தால் பஸ் ஸ்டாண்டில் நேரம் விசாரிப்பேன். குழாயில் தண்ணீர் வராத கிழமையில் என் கதாநாயகி குடம் எடுத்ததில்லை.

அந்தத் தொடரின் கதாநாயகன் பழனி பஸ்ஸில் கண்டக்டர். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில், பெண்களை ‘அம்மிணி’ என்று கூப்பிடுகிற கொங்குப் பேச்சு. பழனிப் பக்கத்துக் கண்டக்டர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். அதற்காகவே அப்படி எழுதினேன். யாரையும் குறிப்பாகச் சுட்டிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

பங்குனியில் ஒரு வரன் வந்தது. கன்னிவாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை ஆரம்பப் பள்ளி ஆசிரியர். திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்கத்தான் வெளியூரார் பயப்படுவார்கள். திண்டுக்கல்லிலிருந்து பெண் எடுக்க அந்தப் பயம் கிடையாது, ஒரு செம்புத் தண்ணீரில் குளித்து எழுந்துவிடுவாள் என்று கேலியாகச் சொல்வார்கள். முன்பு வந்த வரன்கள் எல்லாம் வயதைக் கேட்டதும் நின்றுபோயிருந்தன. இவர்கள் பூ வைத்துவிட்டுப் போனார்கள். இது தவறினால் இரண்டாம் தாரமாகத்தான் போகவேண்டியிருக்கும் என்று அம்மா தினமும் ஒருமுறை சொன்னாள். எனக்கும் போகத்தான் ஆசை. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று என் கைவிரலில் இருந்த மைக்கறையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அடுத்த அத்தியாயத்திலேயே கண்டக்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகை வாங்கி மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மருமகளாக வரப்போகிறவள் எழுதியது என்ற பெருமையில்தான் தொடங்கியது. நாலைந்து வாரம் கேட்டதும் பெருமை போய்விட்டது. சித்திரை முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மோரை வாங்கி அருகில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே கேட்டார்.

“பஸ்ஸு வர்ற நேரம் சரியா இருக்கு. குழாயில தண்ணி வர்ற கெழம சரியா இருக்கு. நெறஞ்ச அமாவாசையக்கூட மாத்திச் சொல்லல. அந்தப் பய மட்டும் பொய்யாக்கும்?”

கதை என்றால் அப்படித்தான், ஊர் நிஜமாகவும் ஆள் கற்பனையாகவும் இருக்கும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். பொய் சொல்கிறவர்கள் யாரும் இவ்வளவு திருத்தமாகச் சொல்வதை அவர் கண்டதில்லை. ராமாயணம் கேட்டவர், கூத்துப் பார்த்தவர். ஆனால் அவையெல்லாம் எங்கோ எப்போதோ நடந்தவை. போன புதன்கிழமை திண்டுக்கல்லில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்று நடக்காமல் இருக்கும் என்பது அவர் அறிவுக்கு எட்டவில்லை. அவரை முட்டாள் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை.

அதன்பின் மாப்பிள்ளையின் தாய்மாமன் பழனி பஸ்ஸில் போய்வரத் தொடங்கினார். திருநீறும் பென்சிலுமாக ஒரு கண்டக்டர் அவர் கண்ணில் பட்டார். என் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் இத்தனை பயணிகளில் யாரைத் தெரியும் என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பும் கதையில் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றதும், எல்லோரும் பார்க்க, தாய்மாமன் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

கண்டக்டர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்பது வயதுக்காரர், ஒல்லி, ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது. உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“ஏனுங்க அம்மிணி, அந்தக் கதைய எழுதறது நீங்கதானுங்களா?”

ஆமாம் என்றேன்.

“எனக்குச் சம்சாரம் இருக்குதுங்க. ரெண்டு கொழந்தைங்க. உங்களைய இன்னைக்குத்தானுங்க நான் மொதல்ல பாக்கறேன். அதையாச்சும் பொஸ்தகத்துல போட்டுருங்க.”

அப்பா அவரை உட்காரச் சொன்னார். அவர் மறுத்துவிட்டுப் போனார். இப்படி ஒரு கண்டக்டர் இல்லவே இல்லை என்று ஒரு வரி போடமுடியுமா எனப் பத்திரிகைக்கு எழுதினேன். முடியாது, வாசகர்கள் நம்புவதால்தான் தொடர் ஓடுகிறது என்று பதில் வந்தது. வைகாசிக்குள் கதையில் கண்டக்டருக்கும் கதாநாயகிக்கும் கல்யாணத்தை முடித்துவிடவும் சொல்லியிருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் கடைசியாக ஒரு வழி சொன்னார்கள். அவர்கள் ஊர்க் காளியம்மன் முன்னால் நான் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை, வைகாசியில் முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும், வேலியைத் தள்ளிப் போட்டாலும் சூடத்தில்தான் தீர்ப்பு. கதைக்காக யாரும் அதுவரை சூடம் ஏற்றியிருக்க மாட்டார்கள். அப்பா வேண்டாம் என்றார். நான்தான் போகலாம் என்றேன். சொல்லவேண்டியது உண்மை, அதைச் சொல்வதில் எனக்கென்ன?

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். வழக்கமாகத் தரையில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிடுவார்கள், கணநேர வேலை. மாப்பிள்ளையின் அம்மா கட்டிச் சூடமாக எடுத்து என் வலது உள்ளங்கையில் வைத்துப் பற்றவைத்தார். நான் கேட்கிறதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அணை என்றார்.

அவன் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவனுக்காகக் குழாயடியில் காத்து நின்றது உண்டா? இல்லை. அவன் கை பட்டது உண்டா? இல்லை. அவனில்லாமல் வேறு எவனாவது? இல்லை. எல்லாமே உண்மை. நான்காவதைச் சொல்லும்போது கையைவிட அது அதிகமாகச் சுட்டது. ஒருவருக்காகவும் காத்து நிற்காமல், ஒருவர் கையும் படாமல், இருபத்தாறு வயதை எட்டியிருக்கிறேன் என்பதை அத்தனை பேர் நடுவில் அன்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கையை மூடினேன். தீ அணைந்தது.

மாப்பிள்ளை தூணுக்கு அருகில் நின்றிருந்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவருடைய அம்மா என் மூடிய கையைப் பார்த்தார். நான் சொன்னதை நம்பிவிட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு என் அம்மாவிடம் சொன்னார்.

“நடந்திருந்தாக்கூட ஒரு புள்ளையப் பெத்தா மறந்துருவா தாயி. ஒண்ணுமே நடக்காம இம்புட்டையும் மனசுக்குள்ளயே கட்டி வச்சிருக்காளே, இது எங்க போயி மறக்கும்? எம் மகன் அந்தப் பயலுக்கு ஈடு குடுக்க முடியுமா?”

வையவில்லை, குரலும் உயரவில்லை. கண் கலங்கியிருந்தது. அம்மா கெஞ்சினாள். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, தாய்மாமனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நாங்கள் பஸ் ஏறித் திரும்பி வந்தோம்.

உள்ளங்கை கொப்பளித்து, பிறகு புண்ணாயிற்று. பேனா பிடிக்க முடியவில்லை. அத்தியாயம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சொல்லு, எழுதுகிறேன் என்றார்.

நான் சொல்லச் சொல்லத் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். கண்டக்டர் கதாநாயகியின் பெயரைச் சொல்லி அழைக்கிற இடத்தில் அவர் காது சிவந்தது. பேனா மட்டும் நிற்கவில்லை. பத்திரிகை கேட்ட கல்யாணத்தை நான் சொல்லவில்லை. கண்டக்டரை வேறு வழித்தடத்துக்கு மாற்றினேன். அவன் இனி அந்த ஊர்ப் பக்கம் வரமாட்டான். அவள் குடத்தோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

அப்பா எழுதுவதை நிறுத்தினார்.

“பாவம்மா அந்தப் புள்ள,” என்றார். “அதுக்கு ஒரு வழி பண்ணிவிடேன்.”

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வரியை மறுபடியும் சொன்னேன். அவர் அதை எழுதினார்.