வேலி இடுக்கில் ஊட்டிய சோறு

நான்கு வயது முடிந்த பிறகும் என் மகள், சோறு தானாக வாய்க்குள் வரும் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படி நினைக்க வைத்தவள் நான். கேரளத்தின் தெற்கு எல்லையில், குன்னத்துகாலில் எங்கள் வீட்டில் அது ஒரு குறையே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்குவேன். கோழியைக் காட்டி ஒரு வாய், ரோட்டில் போகிற பஸ்ஸைக் காட்டி ஒரு வாய், கயிற்றில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி ஒரு வாய். தட்டு காலியானால் அன்றைக்கு ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்தேன் என்ற நிம்மதி வரும். அந்த வீட்டில் எனக்கு வைக்கப்பட்ட பரீட்சையும் அது ஒன்றுதான். என் கணவரின் அக்காவுக்கு அமரவிளையில் தையல்கடை. கடையைப் பூட்டிவிட்டு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்: "பிள்ள வல்லதும் தின்னாளா மக்கா?"

கணவருக்கு ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில், ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவர் போய்க் கொஞ்ச காலம் கழித்து நானும் மகளும் போனோம். நான் விலங்கியலில் முதுகலை படித்தவள். நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே எந்த வேலைக்கும் முதலில் மொழி படிக்க வேண்டும். மொழி வகுப்பு காலையில் தொடங்கி மதியம் தாண்டியும் நடக்கும். மகள் மழலையர் பள்ளியில் மதியம் சாப்பிட்டு, அங்கேயே தூங்கி எழுந்தால்தான் நான் வகுப்பில் உட்கார முடியும். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வகுப்பு. மிச்சம் இருந்தது அவள் சாப்பிடுவது மட்டும்தான்.

அந்த ஊர்த் தாய் தகப்பன்மாரைப் பற்றி நான் வந்த வேகத்திலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். டிராம் நிறுத்தத்தில் ஒருநாள் ஒரு தகப்பன் நின்றார். பக்கத்தில் அவருடைய பொடிப்பயல் தன் கோட்டு ஜிப்பை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தான். டிராம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயும் விட்டது. தகப்பன் குனியவே இல்லை. நானாக இருந்தால் ஒரே இழுப்பில் ஜிப்பைப் போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பேன். விழுந்த பிள்ளையைத் தூக்க யாரும் ஓடுவதில்லை. தொப்பி வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், சரி என்று தொப்பியைப் பைக்குள் வைக்கிறார்கள். இவர்களுக்குப் பிள்ளைமேல் பாசம் குறைவு என்று கணவரிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

மழலையர் பள்ளியில் பிள்ளைகளே கிண்ணத்திலிருந்து தங்கள் தட்டில் பரிமாறிக்கொள்கிறார்கள். என் மகளைவிடச் சின்னதுகள் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடிக்கின்றன. சிந்தினால் துணி எடுத்துத் துடைக்கின்றன. முதல் வாரம் முடிந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்தார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். அதனால் செய்து காட்டினார். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். கேலி இல்லை. அச்சு அசலாக என் மகள்.

"இப்படியே இருக்கிறாள். யாருக்கோ காத்திருக்கிறாள்," என்றார்.

மாத முடிவுக்குள் சாப்பிடத் தொடங்கினால் முழுநாள் இருக்கலாம்; இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு முன்பே வந்து கூட்டிப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்கா வீடியோவில் அழைத்தார். பின்னால் தையல் மெஷின் தெரிந்தது. விஷயத்தை என் கணவர் சொன்னார்.

"பட்டினி கிடந்தா தின்னுமெண்ணு பறஞ்சாளா? அவளுக்குப் பிள்ள உண்டா?" என்றார் அக்கா.

"அப்படிப் பறயல்ல அக்கா. இஞ்ச எல்லாரும் தன்னத்தான தின்னும்."

"எலே, நீ ஆசுபத்திரியில ஊரானுக்கெல்லாம் ஊட்டிக் குடுக்குதியே. சொந்தப் பிள்ளைக்கு ஊட்டினா மானக்கேடாக்கும்?"

"இஞ்ச நோயாளிகூட முடிஞ்சவரைக்கும் தனியாத்தான் தின்னும், கேட்டியா."

"அப்போ உனக்கு அங்க என்ன வேலயாக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. ஃபோனை என்னிடம் தரச் சொன்னார். "மக்கா, இவன் பாறசாலை பள்ளிக்கூடத்துல நாலாங்கிளாஸ் படிக்கது வர நான் மத்தியானம் சோறு கொண்டு போயி மரத்து மூட்டுல வச்சு ஊட்டியிருக்கேன். இவன் இண்ணைக்கு நர்ஸ் இல்லியா? நீயும் கொண்டு போயி ஊட்டு. யாருட்ட கேக்கணும்?"

யாரிடமும் கேட்கவில்லை. அதுதான் நான் செய்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடுவார்கள். தோட்டத்தைச் சுற்றி மரச்சட்ட வேலி. ஒரு மூலையில் செடி அடர்ந்து, ஆசிரியைமார் நிற்கிற இடத்துக்கு மறைவாக இருக்கும். சோற்றில் நெய் விட்டு, பருப்பு ஊற்றி, பப்படம் நொறுக்கிப் பிசைந்து, மூடிய டப்பாவோடு அங்கே போய் நின்றேன். மகள் ஓடி வந்தாள். சட்டங்களுக்கு நடுவே என் கை நுழைந்தது. அவள் வாயைத் திறந்தாள். கோழி இல்லை, பஸ் இல்லை, கதை இல்லை, டப்பா காலியாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு ஃபோன் செய்து, தின்றாள் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அதன்பின் தினமும் போனேன். மேஜையில் அவள் வயிறு நிறைந்து, வாயை மூடி, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாளாம். ஒரு வாயும் சாப்பிடாமல் எப்படி இவ்வளவு உற்சாகமாக இருக்கிறாள் என்று ஆசிரியைக்குக் கவலை. குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

பிறகு ஒருநாள் மகளோடு இன்னொரு சின்னப் பெண் வந்து நின்றாள். தலையில் சிவப்புத் தொப்பி. வேலியைப் பிடித்துக்கொண்டு என் கையையும் மகளின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் எடுக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் கொதி என்பார்கள். ஒரு பிள்ளை தின்பதை இன்னொரு பிள்ளை ஆசையோடு பார்த்து நின்றால், தின்ற பிள்ளைக்கு வயிறு வலிக்கும். கொதி விழுந்துவிட்டது என்று உப்பும் மிளகும் ஓதிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிறிஸ்தவ சபைக்குப் போகிற எங்கள் வீட்டில் ஓதுவதற்கு யாரும் போவதில்லை. ஆனால் பார்த்து நிற்கிற பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்காமல் யாரும் ஊட்டுவதும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு இரைப்பையும் குடலும் வரைந்து காட்டிய அதே கையால் ஒரு சோற்று உருளை உருட்டி அந்தச் சிவப்புத் தொப்பிக்காரியின் வாயில் வைத்தேன். அவள் மென்றாள். இன்னொன்று கேட்டாள். கொடுத்தேன்.

அவளுக்குப் பால் சேராது. நெய்யும் சேராது. மதியத்துக்குள் உதட்டைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது. பள்ளிச் சமையலறையில் எல்லாவற்றையும் சோதித்தார்கள். தவறு எங்கேயும் இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்கிறார்கள். அவள் வேலியைக் காட்டினாளாம். என் மகள் எழுந்து நின்று, "என் அம்மா," என்றாளாம். அந்த மொழியில் அவள் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

மருந்து கொடுத்ததும் தடிப்பு அடங்கிவிட்டது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் பள்ளித் தலைவியின் அறையில் அந்தப் பெண்ணின் தாயும் இருந்தார். சைக்கிளில் வந்தவர், ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் நல்ல ஆங்கிலத்தில், நிதானமாகப் பேசினார்.

"பகிர்ந்து சாப்பிடுவது உங்கள் ஊர் வழக்கமாக இருக்கும். நல்ல வழக்கம்தான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. பகிர்வதற்காகக் கொடுக்கவில்லை என்றேன். உங்கள் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள், கொடுக்காவிட்டால் என் மகளுக்கு வயிறு வலிக்கும் என்று பயந்தேன் என்றேன்.

"என் மகள் பார்த்ததாலா?"

"ஆமாம்."

"அவளால் உங்கள் மகளுக்குக் கெடுதல் வரும் என்று நினைத்தீர்களா?"

அவர் ஹெல்மெட்டின் வாரை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தார். "அவளுக்கு மூன்று வயது," என்று மட்டும் சொன்னார். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! அன்று அப்படி ஆகவில்லை. அதற்குப் பிறகு வாசலில் பார்க்கும்போதெல்லாம் அவர் எனக்கு வணக்கம் சொல்வார். சொல்லிக்கொண்டே மகளின் கையைப் பிடித்துக்கொள்வார்.

தலைவி என்னைத் திட்டவில்லை. இனி வேலிக்கு வர வேண்டாம், ஒரு வாரம் மேஜைக்கே வாருங்கள் என்றார். பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். ஊட்டக்கூடாது. அப்படியும் அவள் சாப்பிடாவிட்டால் அரைநாள்தான்.

குட்டி நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தேன். வேகவைத்த உருளைக்கிழங்கும் பட்டாணியும் வந்தன. மகள் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். மேஜையைச் சுற்றி எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். என் கை எழும்பிவிடும் என்ற பயத்தில் முள்கரண்டியை வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் ஊட்ட என் உடம்புக்கு வராது. "அம்மா, ஆ," என்றாள். நான் ஒரு கிழங்கை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அவள் அழுதாள். பசித்த பிள்ளை பார்த்திருக்க நான் தின்றேன். அன்று மட்டுமில்லை, அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும்.

அவள் தின்றதை நான் பார்க்கவில்லை. கீழே விழுந்த பட்டாணியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். அவள் கன்னத்துக்குள் உருளைக்கிழங்கு இருந்தது. விரலெல்லாம் மசிந்த கிழங்கு. யாரும் கைதட்டவில்லை, பாராட்டவில்லை. ஆசிரியை தண்ணீர் ஜாடியை அடுத்த பிள்ளையிடம் நகர்த்தினார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் ஒரு நொடி கண்ணை எடுத்ததும் நடந்துவிட்டதே என்ற எண்ணம்தான் வந்தது.

நான் மொழி வகுப்பில் சேர்ந்தேன். மகள் முழுநாள் இருந்தாள்.

இந்த முறை சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வந்தோம். ஆராதனை முடிந்து வீடு நிறைய ஆட்கள். அக்கா கடையைத் திறக்கவில்லை. அவரே சோறு பிசைந்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, முதல் உருளையை நீட்டினார்.

"மாமி, தட்டத் தா. நான் தின்னுவேன்," என்றாள் மகள்.

"நீ தின்னுவா. இது மாமிக்க ஒரு வாய்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவோரம் இருந்த கணவரின் சித்தி என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெளிநாட்டுக்குப் போனா தாய்க்குக் கையில்லாமப் போகுமாக்கும்."

"சும்மா இரி சித்தி," என்றார் அக்கா. தட்டை மகளின் முன்னே வைத்தார். அவள் பாயெல்லாம் சிந்தச் சிந்தத் தின்னத் தொடங்கினாள்.

மாமி கையால் ஒரு வாய் வாங்கு என்று நான் சொன்னால் அவள் வாங்கியிருப்பாள். அது நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வாய்தானே. ஆனால் திரும்பிப் போனதும் அந்த மேஜையில் மறுபடி கையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டால்? ஒரு வாயில் என்ன ஆகிவிடும்? ஆகிவிட்டால்? நான் யோசித்து முடிப்பதற்குள் அக்கா எழுந்து போனார். அடுக்களைக்குப் பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. கை கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம். நான் பாயில் குனிந்து, சிந்திய சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.