காலி செய்த அறையும் ஒரு படகு எஞ்சினும்

தங்கச்சி போன் செய்தபோது நான் ஒரு டிராக்டரின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தேன். "அண்ணா, புது எஞ்சின் வந்திருச்சுங்க. மாட்டறதுக்குத்தான் ஆளில்ல" என்றாள். புது எஞ்சின் என்பது பேச்சுக்கு. வேறொரு படகிலிருந்து கழற்றிய எஞ்சின்தான் அது. ஆனாலும் அவள் அதைப் புது எஞ்சின் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கட்டியவர் சித்திரபுரத்துக்காரர். தேயிலைத் தோட்டத்துக் குடும்பம், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மேலே ஓர் அணையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் படகு ஓட்டுகிறார். பழைய எஞ்சின் நடுத்தண்ணீரில் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றதிலிருந்து படகு கரையில் கிடந்தது. திங்கட்கிழமை அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டாவிட்டால் படகுத்துறையில் அவருடைய இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போனால் இருவரும் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். மாப்பிள்ளைக்கு வேறு தொழில் தெரியாது. தங்கச்சி எங்கள் எல்லோரையும் எதிர்த்துக்கொண்டு போய் வாழ்கிற ஊர் அது. கோபமெல்லாம் ஆறி நாங்கள் போக்குவரத்து வைத்துக்கொண்ட பிறகும், தோற்றுப்போய்த் திரும்பி வந்தாள் என்று எங்கள் ஊரான சித்தூரில் ஒருவர்கூடச் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள்.

அம்மா வேறு கட்சி. நான் கிளம்பும்போது, "அது ஓடாட்டிப் போச்சாது. ரெண்டு பேத்தையும் கையோட கூட்டியாந்துரு. தோப்பப் பாத்துக்கிட்டு நம்மூட்லயே இருக்கட்டும்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. கிழக்கு அறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை வெளியே எடுக்கச் சொல்லி, வெள்ளையடிக்க ஆளையும் வரச் சொல்லிவிட்டார். மகளின் பிழைப்பு கெட வேண்டும் என்று எந்தத் தாயும் நினைக்க மாட்டாள். கெட்டுப்போனால் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்று இருந்தவர் என் அம்மா.

எனக்குச் சித்தூரில் பட்டறை. பம்ப்செட், டிராக்டர், நெல் அறுக்கும் மிஷின் எல்லாம் பார்ப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் இருந்ததால் இந்த வகைப் படகும் பழக்கம். எஞ்சின் உள்ளே இருக்கும். தண்ணீரைத் தள்ளுகிற கால், பின்பலகைக்கு வெளியே தொங்கும். இரண்டையும் சேர்க்கிற தண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு பேரிங் வழியாக வந்து எஞ்சினுக்குள் நுழைய வேண்டும். கோணலாக நுழைந்தால் முதல் நாள் முனகும், அப்புறம் பேரிங்கைத் தின்றுவிடும். அதனால் அந்தக் காலைக் கழற்றிவிட்டு, தண்டு வர வேண்டிய இடத்தில் முனையில் கிரீஸ் தடவிய ஒரு கம்பியை விட்டுப் பார்ப்போம். எஞ்சினைத் தாங்குகிற முன்கால்களின் நட்டுகளைத் திருகி ஏற்றி இறக்கினால், கம்பி வெண்ணெயில் போவதுபோல் போய் வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் லயத்து ஆட்கள் எல்லோரும் அணைக்கு வந்துவிட்டார்கள். லயம் என்பது தோட்டத்து வீட்டு வரிசை. அங்கே ஒரு வீட்டில் வேலை என்றால் மற்ற வீடுகள் சும்மா இருக்காது. வந்து ஒரு கை பிடித்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். எஞ்சினை மூங்கிலில் கட்டித் தூக்கி இறக்கியது அவர்கள்தான். அதோடு போயிருக்கலாம். வெள்ளைச் சட்டையும் பட்டுச் சேலையுமாகப் படகுக்குள்ளேயே ஏறி, பயணிகள் சீட்டில் உட்கார்ந்து யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். இடது நட்டைத் திருகு என்று ஒருவர், வலது என்று இன்னொருவர். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. மாப்பிள்ளை முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு வழியாகக் கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெளியே இழுத்தேன், திரும்ப விட்டேன். கிரீஸில் தடம் சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. "முடிஞ்சுது மாப்ள" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். தங்கச்சி டீ கொண்டுவந்ததும் கீழே இறங்கினார்கள். டீயைக் குடித்துவிட்டு, படகின் காலை மாட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்ப்போமே என்று கம்பியை விட்டேன். போகவில்லை.

திருகினேன், தட்டினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். கோயில் முடித்து வந்தவர்கள் காதில் விழாததுபோல் இருந்தார்கள். மாப்பிள்ளை ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தங்கச்சி என் பக்கத்தில் வந்து, "ஏனுங்ணா, எஞ்சின் ஓட வேண்டாமுன்னு அம்மா ஏதாச்சும் சொல்லியுட்டாங்களா?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டாள். சுரீரென்று இருந்தது. வெள்ளையடித்த அறை கண் முன்னால் வந்து போனது.

"எல்லாரும் பழையபடி ஏறி உக்காருங்க" என்று கத்தினேன். ஏறினார்கள். கம்பி உள்ளே போனது. இறங்கச் சொன்னேன். இறுகியது.

அப்போதுதான் குனிந்து படகின் அடியைப் பார்த்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு யூகலிப்டஸ் கட்டைகள்தான் படகைத் தாங்கிக்கொண்டிருந்தன. நடுவயிறு அந்தரத்தில் கிடந்தது. பழைய ஃபைபர் படகு. ஆள் ஏறினால் வயிறு தொய்கிறது, எஞ்சினின் முன்காலும் சேர்ந்து இறங்குகிறது. ஆட்கள் இறங்கினால் வயிறு நிமிர்ந்துகொள்கிறது. லயமே ஏறி உட்கார்ந்து தொய்ந்த வயிற்றுக்கு நான் கணக்காக எஞ்சினை நேராக்கி வைத்திருக்கிறேன். சித்தூரில் பம்ப்செட் கான்கிரீட் மேல் உட்கார்ந்திருக்கும். ஊரே ஏறி நின்றாலும் அசையாது. அந்தப் பழக்கத்தில் அடியைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஒரு அக்கா, "அதுக்கென்ன தம்பி, தெனமும் நாங்களே படகுல ஏறி உக்காந்துக்கிடுதோம்" என்றார். மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார்.

தண்ணீர் படகை இரண்டு இடத்தில் மட்டும் தாங்காது, அடி முழுவதும் தாங்கும். அதேபோல் தரையிலும் தாங்க வேண்டும் என்றேன். மண் மூட்டை போதுமா என்று கேட்டார்கள். போதும் என்று வாய் மூடுவதற்குள் லயத்திலிருந்து கொழுந்து அள்ளும் சாக்குகள் வந்தன. பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் மண் அள்ளிப் போட்டார்கள். முன்னாலிருந்து பின்வரை வயிற்றுக்கு அடியில் மூட்டைகளைத் திணித்துத் தட்டி இறுக்கினோம். யாரையும் ஏறவிடாமல் மறுபடி முதலிலிருந்து திருகினேன். கம்பி போனது. ஏறச் சொன்னேன், போனது. இறங்கச் சொன்னேன், அப்போதும் போனது. படகின் காலை மாட்டி முடித்தபோது அணைக்கு மேல் மஞ்சுப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. "மச்சான், நாளைக்கு ஓடிருமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஓடும் என்றேன். தண்ணீரில் விட்டுப் பார்க்கும்வரை எனக்கும் தெரியாது.

மறுநாள் அதிகாரி ஏறி உட்கார்ந்து, வேகமாகப் போகச் சொன்னார். நான் எஞ்சின் மூடியில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். முனகலும் இல்லை, உதறலும் இல்லை. அணையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினோம். அதிகாரி இறங்கி, மாப்பிள்ளையிடம் மலையாளத்தில் "நாளெ முதல் ஓடிச்சோளூ" என்றார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை விட்டு எழுந்திருக்கவே இல்லை, முகத்தை மட்டும் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கரையில் நின்ற தங்கச்சி யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

அம்மாவின் போன் சரியாக அப்போதுதான் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓடிருச்சான்னு கேக்காதீங்க, ஓடிருச்சும்மா. நாளையிலிருந்து ஓட்டலாமுன்னுட்டாங்க" என்றேன்.



"நல்லதாப் போச்சு கண்ணு. சாமி புண்ணியம்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அப்பறம் அந்த ரூம்புல மூட்டையத் திருப்பி அடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

எந்த அறை என்று தங்கச்சி என்னைப் பார்த்தாள். அதுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. கிழக்கு அறை, உங்களுக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறார் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அடுக்காதீங்கம்மா. ஆடி மழையில இங்க படகு ஓடாது. நாங்க ரெண்டு பேரும் வந்து இருக்கறோம்" என்றாள்.

"நீங்க வர்ற வரைக்கும் பூட்டி வெக்கறேன், சாவி எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அம்மா.