துண்டில் ஒரு பெரிய முடிச்சு

தேவிகுளம் போகும் ஜீப்பில் என் எதிரே தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரல்களில் கொழுந்துக் கறை. மடியிலிருந்த துண்டின் ஓரமெல்லாம் முடிச்சுகள். ஞாயிற்றுக்கிழமை லீவில் முடிக்க வேண்டிய சொந்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சாம். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவாராம்.

அவர் கைப்பேசி அடித்தது. சூப்பர்வைசர்.

"இன்னிக்கு லீவு சார். எதுன்னாலும் நாளைக்குத் தேயிலைக் காட்டுல வச்சு சொல்லுங்க."

மறுபடி அடித்தபோது அதைத் துண்டுக்குள் சுருட்டி வைத்தார்.

"கோபப்பட மாட்டாரா?" என்றேன்.

"படட்டும். அவருக்கு இதுல முடிச்சு போடல."

ஒரு முடிச்சு மட்டும் பெரிதாக இருந்தது. எதற்கென்று கேட்டேன்.

"சும்மா உக்காந்து ஒரு டீ குடிக்கதுக்கு. அதைத்தான் எல்லாரும் பிடுங்கப் பாக்காங்க."

தேவிகுளத்தில் இறங்கியதும் நேரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டுக்குள் கைப்பேசி அடித்துக்கொண்டிருக்க, நிதானமாகக் குடித்து முடித்து, அந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தார்.