தம்பிக்கு விழுந்த வெளிச்சம்

வருஷத்தில் எனக்குச் சிறிய ஐயம் உண்டு. எண்பதுகளின் தொடக்கம் என்று மட்டும் சொல்லலாம். நாளில் ஐயமே இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். திருத்தணி மலைமேல் தம்பிக்கு முடியிறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கீழே இறங்கி நேராகப் பாவாவின் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தோம். பாவா என்றால் என் அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் எங்கள் வீட்டுக்கு, போட்டோ பிடிக்கும் மாப்பிள்ளை பெரிய பெருமை.

காலையிலிருந்தே எல்லாம் தம்பிக்குத்தான். படியேற நைனாவின் தோள் அவனுக்கு. புதுச் சட்டை அவனுக்கு. அடிவாரத்தில் வாங்கிய ஊதல் அவனுக்கு. எனக்கும் மொட்டை போடச் சொல்லி அழுதேன்.

"அவனுக்குத்தான் வேண்டிக்கினோம். சொம்மா வா," என்று அம்மா இழுத்து வந்தாள்.

பாவாவிடம் முக்காலியில் நிற்கும் பெரிய மரப்பெட்டிக் கேமரா இருந்தது. அதற்குள் போகும் ஃபிலிம் சுருள் அல்ல. என் உள்ளங்கையைவிடப் பெரிய தனித்தனித் தகடு. ஒரு தகட்டுக்கு ஒரு படம். முந்தின நாள் காவடிக் கூட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் கீது மாமா. இது கெட்டா மெட்ராஸ் போய்த்தான் வாங்கியாரணும்," என்றார் நைனாவிடம்.

முன்னால் நாற்காலிகளில் நைனாவும் நிறைமாத அக்காவும். நடுவில் தம்பி. வளர்த்தியாகிவிட்டேன் என்று என்னைப் பின்னால் அம்மாவோடு நிறுத்தினார்கள்.

பாவா ஒரு மீட்டரை எடுத்தார். மெட்ராஸ் சிநேகிதரிடம் இரவல் வாங்கியது. அதன் உச்சியில் பாதிப் பந்துபோல வெள்ளையாக ஒரு மூடி. அதைத் தம்பியின் மோவாய்க்குக் கீழே பிடித்து, மறு கையிலிருந்த ஒயர்ப் பொத்தானால் தண்டில் நின்ற பிளாஷ் விளக்கைத் தட்டினார். பளீரென்றது. மீட்டரின் முள்ளைப் பார்த்தார். மறுபடி பளீர். சந்தனத் தலை தங்கக் குடம்போல மின்னியது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். இன்னொரு முறை பளீர்.

ஒரே ஃபிலிம் என்று சொன்ன வாயால் இவனுக்கு மட்டும் இத்தனை படமா?

"அவனுக்கு எத்தினி போட்டோ! எனக்கு மட்டும் இல்லியா?"

"ஏய், வாய மூடு," என்றார் நைனா.

பாவா சிரித்தார். "இன்னா மச்சினி, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறே? உனக்கு இல்லாமயா? ஆடாம நில்லு."

பின்னால் வந்து, என் மோவாய்க்குக் கீழேயும் மீட்டரைப் பிடித்துத் தட்டினார். கண் கூசியது. பல்லைக் காட்டலாமென்று தம்பியைத் தேடினால், அவன் ஊதலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

முள்ளைப் பார்த்த பாவாவின் சிரிப்பு நின்றுபோனது. இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

"அடடே, நல்ல வேள," என்று முனகிக்கொண்டு, விளக்குத் தண்டை வெகுதூரம் பின்னுக்கு இழுத்து உயர்த்தினார். திரும்பவும் தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் முகத்தில் எதையோ கண்டு அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். லென்ஸைத் திருகினார், கறுப்புத் துணிக்குள் நுழைந்து வெளியே வந்தார், கடைசியாக எல்லோருக்கும் சேர்த்து ஒரு பளீர்.

அடுத்த வாரம் பாவா கொண்டுவந்த உறையில் ஒரே படம் இருந்தது.

"என்னுது எங்க?"

"கழுவறப்போ வரல மச்சினி."

"தம்பியோடது?"

"அதுவும் வரல."

எனக்குப் பரம திருப்தி.

அந்தப் பளீர்கள் விழுந்தபோது ஃபிலிமின் மூடியே திறக்கப்படவில்லை என்பதும், பாவா அளந்தது வெளிச்சத்தை மட்டும்தான் என்பதும் எனக்குத் தெரிந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விளக்குக்குப் பக்கத்தில் நின்ற தம்பிக்கு விழுந்த வெளிச்சத்தில் கால்வாசிகூடப் பின்வரிசைக்கு வரவில்லையாம். அவனை மட்டும் அளந்து எடுத்திருந்தால் சந்தனத் தலை ஜொலித்திருக்கும். அம்மாவும் நானும் இருட்டில் கரைந்திருப்போம். எந்தப் படத்திலும் பின்னால் போய் நிற்கும் அம்மாவின் முகம் தெளிவாக விழுந்தது அந்த ஒன்றில்தான்.

படம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதில் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் தம்பியின் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.