தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிய கொத்தனார்

ஆண்டவர் மீட்டுத் தந்த இந்தக் கைகளைக் கூப்பி உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறேன். என் பெயர் செல்வராஜ். சொந்த ஊர் சாத்தூர் பக்கம். கொச்சியில், மட்டாஞ்சேரியில் என் மனைவி ரோஸ்லினோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, எழுதிப் பழக்கம் அதைவிடக் குறைவு. ஆனாலும் நன்மையை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது நன்றிகெட்டதனம் என்று ரோஸ்லின் தினமும் குத்திக் காட்டுகிறாள். அவள் தொல்லை தாங்காமலும் எழுதுகிறேன்.

கொரோனா அடங்கி, கட்டட வேலைகள் மறுபடி சூடுபிடித்த நேரம் அது. நான் கொத்தனார். மீசை முளைத்ததிலிருந்து கரண்டியும் மட்டப்பலகையும்தான் என் சொத்து. கலூரிலும் ஏலூரிலும் நான் எழுப்பிய சுவர்களைப் பேருந்தில் போகும்போது ரோஸ்லினுக்குக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன். அப்படிப்பட்டவனுக்குக் கையில் அரிப்பு வந்தது. பிறகு தோல் வெடித்தது, நீர் வடிந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். மருத்துவர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது சிமெண்டால் வந்தது, இனி சிமெண்டைத் தொட்டால் எந்த மருந்தும் கேட்காது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வேறு வேலை தெரியாது. ரோஸ்லின் காலையில் சுக்கு புடைக்கிற குடோனுக்குப் போய்விடுவாள். நான் வீட்டில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆம்பளை அழக் கூடாது என்பார்கள். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. “ஆண்டவரே, இந்தக் கைக்கு ஒரு வேலை கொடும்” என்பதுதான் அப்போது என் ஜெபம். அதற்கு மேல் அழகாக ஜெபிக்க எனக்குத் தெரியவில்லை.

மருந்து போட்டுத் தோல் ஒருவழியாக ஆறிய சமயத்தில் ரோஸ்லினின் அண்ணன் அந்தோணி வீட்டுக்கு வந்தார். அவர் குளச்சல்காரர். எங்களுக்கு முன்பே கொச்சிக்கு வந்து, ஒரு சின்ன ஃபைபர் வள்ளம் வாங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூடப் போகிற ஆள் வளைகுடாவுக்குப் போய்விட்டதால் தனியாகத் தவித்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்த மீனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீரு சும்மா இருக்கியதுக்கு என்கூட வாரும் வோய். கடல்ல சிமெண்ட் கெடையாது.”

“மச்சான், எனக்கு நீச்சலே தெரியாது” என்றேன். எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கிடந்திருந்தால் அல்லவா நீச்சல் பழகியிருப்பேன்?

“நீந்தத் தெரிஞ்சவன் கடல்ல குதிப்பான். தெரியாதவன் வள்ளத்த விட்டு எறங்க மாட்டான். எனக்கு அப்படிப்பட்ட ஆளுதான் வேணும்.”

இப்படித்தான் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. முதல் வாரம் முழுக்க நான் வாந்தி எடுத்தேன். ‘ஆண்டவரே, வேலை கேட்டேன், இப்படி ஒரு வேலையா?’ என்று கேட்கவும் செய்தேன்.

ஆனால் அந்த நாட்களை இப்போது நினைத்தால் நெஞ்சு கனிந்துவிடுகிறது. பலபலவென்று விடியும்போது வள்ளத்தை எடுப்போம். கரையோரக் குடோன்களிலிருந்து மிளகும் இஞ்சியும் கலந்த வாசம் தண்ணீர் மேலே கொஞ்ச தூரம் வரும். சீனவலைகளைத் தாண்டி, அக்கரைக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் ஜங்காருக்கு வழிவிட்டு, காயல் கடலில் கலக்கும் அழிமுகத்துக்கு வந்ததும் மச்சான் எஞ்சினைக் குறைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார். ரோஸ்லின் கட்டிக்கொடுத்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் மடியில் சூடாக இருக்கும். கடலுக்குள் போனதும் பிளாஸ்கைத் திறந்து சாயா குடிப்போம். அந்த ருசியை எந்தக் கடையிலும் நான் பிறகு காணவில்லை.

அந்த வருடம் மத்தி சரியாகப் படவில்லை. மச்சான் வலைக்காரர், குடும்பமே வலைக் குடும்பம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிற வலையில் விழுவது டீசலுக்கே போதவில்லை. “இனி பெரிய மீனுக்குப் போவோம் வோய். தூண்டிலுக்கு ரெண்டு பேரு தாராளம்” என்றார். நெய்மீன், மோதை, பாரை இவற்றைக் கைத்தூண்டிலில் பிடிப்பது அவருக்கும் புதிது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதைதான்.

எத்தனையோ நாள் வெறும் வள்ளத்தோடு திரும்பினோம். மற்ற வள்ளத்துக்காரர்கள் சாயாக்கடையில் எங்களைப் பார்த்து, “எந்தா சேட்டா, இன்னும் கடல் காணான் போயதாணோ?” என்று, நாங்கள் கடலை வேடிக்கை பார்க்கப் போனதுபோல் சிரிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புத்தி வந்தது. செத்த இரையைப் பெரிய மீன் சீண்டாது, உயிருள்ள அயிலை மீன் வேண்டும். அதையும் முதுகில் லேசாகக் கோத்தால்தான் நீந்தும். ஆற்றின் கலங்கல் தண்ணீரும் கடலின் பச்சைத் தண்ணீரும் கோடு போட்டதுபோல் சேருகிற இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா மிதக்க வேண்டும். சின்ன மீன் கொத்திக் கொத்திப் பார்க்கும்; பெரியது இரையை வாங்கிக்கொண்டு நிதானமாக நடையைக் கட்டும். அது நன்றாக விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாமல் இழுத்து நாங்கள் விட்ட மீன்களை வைத்து ஒரு கல்யாணமே நடத்தியிருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பிடிக்க நூல் கட்டுவோம். நைலான் நூலை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, விண்ணென்று இழுத்துப் பிடித்தால்தான் வரிசை கோணாது. தூண்டிலுக்குப் போடுகிற தங்கூஸ் நரம்பும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். என்னை அறியாமலே கை அதைச் சுற்றிக்கொள்ளும். மச்சான் பார்க்கும்போதெல்லாம் எட்டி வந்து அவிழ்த்துவிடுவார்.

“இது சுவரு இல்ல வோய். செங்கல்லு ஓடாது, மீனு ஓடும்.”

சிரித்துக்கொள்வேன். அடுத்த கணமே கை மறுபடி சுற்றிக்கொண்டிருக்கும்.

ஓணம் முடிந்த வாரம். வெயில் நன்றாக ஏறியிருந்தது, கடல் எண்ணெய் விட்டதுபோல் அமைதியாகக் கிடந்தது. மச்சான் பின்பக்கம் எஞ்சினுக்கு அருகில் இரை மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்பக்கம் நரம்பைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவரே, இன்றைக்காவது ஒரு பெரிய மீன்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அது என் அன்றாட ஜெபமாகிவிட்டிருந்தது.

நரம்பு மெதுவாக நகர்ந்தது. பொறுத்தேன். இன்னும் நகர்ந்தது. அப்போது அந்த மீன் பாய்ந்தது.

உள்ளங்கையில் இரண்டு சுற்று இறுகியது. கை என்னை இழுத்தது, தோள் போனது, பின்னாலேயே நானும் போனேன். இடுப்புவரை வள்ளத்துக்கு வெளியே தலைகீழாகத் தொங்கினேன். மச்சான் பாய்ந்து என் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டார். கத்தி பின்பக்கம் இரைப்பலகையில் கிடந்தது. காலை விட்டால் நான் தண்ணீருக்குள் போவேன், விடாவிட்டால் கத்தியை எடுக்க முடியாது. வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. நரம்பு கையை அறுத்துக்கொண்டே உள்ளே இறங்குவது எனக்குத் தெரிந்தது. முகத்துக்கு நேரே தண்ணீர் சிவந்தது.

“மாதாவே, மாதாவே” என்று மச்சான் பின்னால் கதறினார். “விட்டுறாதீங்க மச்சான்” என்று நான் கத்தினேன். இந்தக் கைக்காகத்தானே மாதக்கணக்கில் அழுதேன்? வேலை கொடுத்துவிட்டு ஆண்டவர் கையை எடுத்துக்கொள்வாரா? எனக்குக் கோபமா பயமா என்று தெரியவில்லை. வாயில் உப்புத் தண்ணீர் அடிக்க அடிக்க ஒரே சத்தமாகக் கத்தினேன்: “இயேசுவே, எனக்கு மீன் வேண்டாம்! கையைக் கொடும்!”

நரம்பு தொய்ந்தது.

அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அறுந்திருக்கவில்லை. அந்த மீன் ஓட்டத்தை நிறுத்தி, எங்கள் வள்ளத்தை நோக்கித் திரும்பியிருந்தது. ஏன் திரும்பியது? மீன் அப்படித் திரும்புவதுண்டு என்று கடலில் போகிறவர்கள் சொல்கிறார்கள். உண்டுதான், ஆனால் நான் கூப்பிட்ட அந்த நொடியில் அதைத் திரும்பச் சொன்னது யார் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. மச்சான் என்னைக் காலோடு சேர்த்து உள்ளே இழுத்துப்போட்டார். இடது கையால் ஒரு சுற்றை அவிழ்த்தேன், பிறகு மற்றதையும் அவிழ்த்தேன். உடனே நரம்பு மறுபடி சீறிக்கொண்டு ஓடியது. கை மட்டும் என்னிடம் இருந்தது.

நரம்பின் மறுமுனையை நாங்கள் வள்ளத்தின் குறுக்குப் பலகையில் கட்டியிருந்தோம். மீன் இன்னும் தூண்டிலில்தான் இருந்தது. அதுவரை எங்களுக்கு மாட்டியதில் அதுவே பெரியது. மச்சான் நினைத்திருந்தால் அதைக் களைக்கவிட்டு ஏற்றியிருக்கலாம். அவர் என் கையைப் பார்த்தார், கத்தியை எடுத்தார், நரம்பை வெட்டிவிட்டார்.

“போவட்டு. மீனு நாளைக்கும் கடல்ல கெடக்கும்” என்று சொல்லிவிட்டு, இடுப்புத் துண்டை அவிழ்த்து என் கையைச் சுற்றிக் கட்டினார். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார். திரும்பிப் பார்த்தபோது எஞ்சினைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். விரல்கள் மடங்குமா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். அந்த வாரங்களில் எங்கள் ஜெபக்கூட்டத்துச் சகோதரிகள் மாறி மாறி வந்து ஜெபித்தார்கள். ரோஸ்லின்தான் எனக்குச் சோறு ஊட்டினாள். “சின்னப் பிள்ளைக்கு ஊட்டினா முழுங்கவாவது செய்யும், நீங்க குறை சொல்லுதீங்க” என்று திட்டிக்கொண்டே ஊட்டினாள். கட்டைப் பிரித்த அன்று மருத்துவர் கையை மூடச் சொன்னார். மூடினேன். சுண்டுவிரல் மட்டும் வளைந்து நின்றது, மற்றவை எல்லாம் மடங்கின. ரோஸ்லின் அந்த அறையிலேயே முழங்காலில் விழுந்துவிட்டாள்.

மறுபடி கடலுக்குப் போனோம். இப்போது நரம்பின் முனையைப் பலகையில் கட்டுவதில்லை. ஒரு காலி கேனில் கட்டுகிறோம். பெரிய மீன் பாய்ந்தால் விரலை விரித்துக் கேனோடு விட்டுவிடுவோம். அது கேனை இழுத்து இழுத்துக் களைத்துப்போகும், நாங்கள் சாயா குடித்துக்கொண்டே பின்னால் போவோம். இப்படித்தான் பெரிய நெய்மீன்களை ஏற்றக் கற்றுக்கொண்டோம். எங்களைப் பார்த்துச் சிரித்த சேட்டன்மார்களின் வள்ளங்களிலும் இப்போது காலி கேன் கிடக்கிறது.

முதுகுவலி வந்து மச்சான் போன வருடம் குளச்சலுக்கே திரும்பிவிட்டார். வள்ளத்தை என்னிடம் விட்டுப் போனார். குடோன் வேலையை விட்டுவிட்டு ரோஸ்லின் என்னோடு வருகிறாள். கடற்கரையில் பிறந்தவள், என்னைவிட நன்றாகவே எஞ்சின் ஓட்டுகிறாள். இருந்தாலும் அழிமுகம் வரும்போது என்னை அறியாமல் பின்னால் திரும்பி, மச்சான் சிலுவை போடுகிறாரா என்று பார்த்துவிடுகிறேன். அந்த நாட்கள் இனி வராது.

அன்பானவர்களே, உங்களில் வேலை போனவர்கள் இருக்கலாம், உடம்பு கெட்டவர்கள் இருக்கலாம். எனக்கு ஜெபிக்கத் தெரியாதே, நல்ல வார்த்தை வராதே என்று தயங்காதீர்கள். முழங்காலில் நின்று கூப்பிட முடிந்தால் கூப்பிடுங்கள், முடியாவிட்டாலும் கூப்பிடுங்கள். நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு, கோபமாகக் கூப்பிட்டேன். அதற்கே வந்தார்.