புதன்கிழமை முதிரும் பணம்

நகரசபை அலுவலகத்தில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் புதன்கிழமை. கணக்குப் பிரிவில் அதே ஜன்னலோர மேசையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். ஊரில் யாருக்கு என்ன கோபம் என்பது முதலில் அவன் கடை நாற்காலியில்தான் வெளியே வரும். நகரசபை மேல் கோபம் என்றால் கேட்கவே வேண்டாம்.

"கோடி கோடியா பேங்க்ல போட்டுப் பூட்டி வச்சிருக்காங்களாம். எங்க தெருப் பள்ளத்தை மூட மட்டும் காசு இல்லையாம்" என்று முகத்தில் நுரையோடு மளிகைக்கடைக்காரர் ஆரம்பிப்பார். பிறகு கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, "சாவி உங்க வீட்டுலதானே அண்ணே இருக்கு?" என்பார்.

"சாவி இருந்தா இந்நேரம் உன் தாடியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பேனா? தலையை ஆட்டாதே."

சிரித்து மழுப்பிவிடுவான். ஆனால் பணத்தை ஏன் அப்படிப் பூட்டி வைக்கிறார்கள் என்பது அவனுக்கும் விளங்கவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு நாள், காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டே விட்டான். அவள் கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள். வரி வருஷத்தில் இரண்டு மாதம் கொட்டும், செலவு பன்னிரண்டு மாதமும் இருக்கும். இன்று மிஞ்சி நிற்கும் பணம் உண்மையில் மிச்சமில்லை. அது வேலை வரும்வரை காத்திருக்கும் பணம். சும்மா காத்திருக்க விடாமல் வங்கியில் வட்டிக்கு உட்கார வைப்பதுதான் அவள் வேலை.

அதையும் மொத்தமாகப் போடமாட்டாள். துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை சொல்லி, அந்த வேலை வருவதற்குச் சற்று முன்னால் முதிரும்படி வைப்பாள். மழைக்கு முன் வடிகால் தூர்வார ஒன்று, பள்ளிக்கூடம் திறக்குமுன் கூரைக்கு ஒன்று, மாதாமாதம் சம்பளத்துக்கு ஒவ்வொன்று. எல்லாம் புதன்கிழமையில்தான் முதிரும்.

அதற்குக் காரணம் அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் செய்த ஒரு தப்பு. துப்புரவுத் தொழிலாளர்களின் சம்பளத்துக்கு வைத்த பணம் எந்தத் தேதியில் முதிர்கிறது என்று பார்த்தவள், அது என்ன கிழமை என்று பார்க்கவில்லை. அது சனிக்கிழமை, பண்டிகைக்காக வங்கி விடுமுறை. மறுநாள் ஞாயிறு. திங்கள் அரசு விடுமுறை. இருநூற்றுப் பதினான்கு பேருக்குச் சம்பளம் மூன்று நாள் தள்ளிப்போனது. தெருக்கூட்டும் அம்மா ஒருத்தி மேசைக்கு வந்து நின்றாள். சண்டை போடவில்லை. "எந்நேரம் வரும்னு மட்டும் சொல்லுங்கம்மா, கடைக்காரர்கிட்ட நேரம் சொல்லணும்" என்றாள். அந்த 'எந்நேரம்' அவளை விட்டுப் போகவே இல்லை. வாரத்தின் நடுவில் புதன் நின்றால் முன்னே இரண்டு நாள், பின்னே இரண்டு நாள் கையில் இருக்கும். அன்று முதல் புதன்தான்.

இந்தத் துண்டுகளில் பெரியது குடிநீர்க் குழாய்ப் பணம். அணையிலிருந்து ஊருக்கு வரும் பிரதான குழாய் ஐம்பது வருஷத்துப் பழசு, மாதம் ஒருமுறை எங்காவது வெடிக்கும். புதுக்குழாய்க்கு என்று ஒன்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, வட்டியையும் அதிலேயே சேர்த்துப் பன்னிரண்டு கோடியாக்கி வைத்திருந்தாள். இன்னும் நான்கு கோடி சேர்ந்தால் டெண்டர் விட்டுவிடலாம்.

அப்போதுதான் புதுத் தலைவர் வந்தார். துடிப்பான மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. புதிதாக ஒரு தனியார் வங்கி திறந்திருந்தது. மற்ற வங்கிகளைவிட இரண்டு சதவீதம் கூடுதல் வட்டி. பன்னிரண்டு கோடியையும் எடுத்து அங்கே போட்டுவிடலாம் என்றார். நிதிக்குழுக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள்.

"வருஷத்துக்கு இருபத்துநாலு லட்சம்மா. சும்மா வர்ற பணம். வேணாம்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?" என்று தலைவர் கேட்டார்.

"ஊர்ல எந்த பேங்க்கும் குடுக்காததை ஒரு பேங்க் மட்டும் குடுக்குதுன்னா, அதுக்கு நம்மளவிட அவசரம்னு அர்த்தம் சார். அவசரத்துல இருக்கிறவங்ககிட்ட தண்ணிக் காசைக் குடுக்க எனக்கு பயமா இருக்கு."

"பயந்தா கணக்குப் பார்க்க முடியுமா மேடம்?" என்று ஒரு உறுப்பினர் கிண்டலடித்தார்.

"பயந்துதான் சார் பார்க்கணும். என் பணம்னா பயப்பட மாட்டேன்."

பிறகு நகரசபையின் பழைய விதியை எடுத்துப் படித்தாள். எந்த ஒரு வங்கியிலும் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வைக்கக்கூடாது. இருபது வருஷமாக யாரும் புரட்டாத தாள் அது. வாக்குவாதம் மாலைவரை போனது. கடைசியில் மூன்று கோடி மட்டும் புது வங்கிக்கு என்று முடிவானது. குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மறுநாள் கடை நாற்காலியில் பேச்சு அனல் பறந்தது. ஊருக்கு வர இருந்த சீதேவியை உதைத்துத் தள்ளினவள் என்றே சொல்லிவிட்டார்கள். அவன் கத்தரியை ஓட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்குமே கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து அந்த வங்கி கதவை மூடியது. செய்தி வந்த அன்று தலைவர் நேராக அவன் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடிவெட்டிக்கொள்ள வரவில்லை என்பது தெரிந்தும் அவன் துணியைப் போர்த்திவிட்டான்.

"பன்னிரண்டும் போயிருக்கும்யா" என்றார் தலைவர், கண்ணாடியைப் பார்த்து. "உங்க வீட்டம்மா அன்னைக்கு நிக்கலைன்னா பன்னிரண்டும் போயிருக்கும்."

அவன் மலைத்துப்போனான். வீட்டில் காய் நறுக்கும் அதே கைதானா இது? மார்பு நிமிர வீட்டுக்குப் போனால், அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஒன்பது கோடியைக் காப்பாத்திட்டேன்னு ஊரே பேசுது" என்றான்.

"மூணு போச்சேங்க. அது என் கையெழுத்து."

அந்த மூன்று கோடியில் பாதிதான் பிற்பாடு திரும்பி வந்தது. மீதியை அவள் மறுபடி சேர்க்க ஆரம்பித்தாள். குழாய் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நாலு வருஷத்தில் தொகை பதினாறு கோடியை நெருங்கியபோது அவளுக்கு நோய் வந்துவிட்டது. மருத்துவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவன் அவளிடம் மறைத்தான், அவளோ அவனுக்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தாள். விடுப்பு எடுக்குமுன் கடைசியாகப் பதினாறு நாள் வேலைக்குப் போனாள். என்ன அப்படி அவசரம் என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் வரிசையில் நிற்க வைத்துவிட்டு வருகிறேன் என்றாள். ஆஸ்பத்திரியில் காலை கண் விழித்ததும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பாள். புதன் என்று அவன் சொன்னால் முகம் தெளியும். நினைவு தப்புகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவள் போனது ஒரு வெள்ளிக்கிழமை.

புது வருஷத்துத் தினசரி காலண்டரை அவளே முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். அதை எடுத்து மாட்டினான். தினம் ஒரு தாளாகக் கிழித்து வந்தவன், ஒரு புதன்கிழமைத் தாளில் கையை நிறுத்தினான். ஓரத்தில் பென்சிலால் அவள் எழுத்து. 'குழாய்.'

அன்று கடையைத் திறக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு நகரசபைக்குப் போனான். அவள் மேசையில் இப்போது ஒரு இளம்பெண் கணக்கராக இருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உட்காருங்கய்யா. இப்பதான் பேங்க்லேர்ந்து பேசினாங்க. பதினாறு கோடி. ஆறு பேங்க், பத்து டெபாசிட், ஒரே நாள். ஒண்ணுகூட முந்தல, பிந்தல. டெண்டர்காரருக்கு நாளைக்கு முன்பணம்."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். பத்து வரி, பத்தும் அவன் மனைவியின் எழுத்து. கடைசிப் பதினாறு நாளில் எழுதியவை. ஆறு வங்கிகளின் விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு நாளுக்கு ஊரின் தண்ணீரை வரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவன் அந்த வரிகளின் மேல் விரலை வைக்கப் பார்த்தான். மை கலைந்துவிடுமோ என்பதுபோல எடுத்துக்கொண்டான்.

"ஏன்மா, எந்நேரம் வந்துச்சு?" என்று கேட்டான்.

"பத்தேகாலுக்குய்யா."

பத்தேகால் என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். திரும்பும் வழியில் மளிகைக்கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டு, கடை ஏன் அண்ணே பூட்டியிருக்கு, தாடி வச்சுக்கிட்டு நான் எங்க போறது என்றார்.

"இன்னைக்கு புதன்கிழமை" என்றான் அவன்.