ஒரு குறையுமில்லீங்க

"பாதிக்கப்பட்டவர் எண் 23. மூச்சுத்திணறல் இல்லை. சிகிச்சையில் முழுத் திருப்தி. மேற்கொண்டு கவனிப்பு தேவையில்லை."

இந்த எண் 23, துடியலூர் பொன்னாத்தாள், பஸ் ஏறியதும் கண்டக்டர் ‘எங்கே போகணும்’ என்று கேட்டால் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்வாள். இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் குரல் வரும். ஐந்து வருஷத்துக்கு முன் சாயப்பட்டறையில் குளோரின் சிலிண்டர் கசிந்த அன்று உள்ளே நூல் பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி.

அந்த அறிக்கைக்காக விசாரிக்க வந்தவர்கள் பொய் எழுதவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதினார்கள். வீடு தேடி வந்தவர்களிடம் நோவைச் சொல்லி அழுவது அவள் வழக்கமில்லை. உட்காரவைத்து, காபி கொடுத்து, எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு நல்லா இருக்கேனுங்க என்றாள். மூச்சு வாங்குகிறதா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆஸ்பத்திரியில் குறை?

"ஒரு குறையுமில்லீங்க."

கடைசிப் பதில் மட்டும் சத்தியம். மாதத்தின் முதல் வியாழன் நடக்கும் நெஞ்சு கிளினிக்கில், நர்ஸ் மெர்சி மூக்கில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைக்கும் அந்தப் பதினைந்து நிமிஷம்தான் அவளுக்கு முழு மூச்சு.

கசிவில் சிக்கிய மற்ற நாற்பது பேரும் இதே ஊர், இதே மரியாதை. எல்லோருக்கும் முழுத் திருப்தி; எனவே எல்லோரும் குணம்; எனவே கிளினிக்கை மூடலாம் என்று மேலே முடிவானது. ஆட்சேபம் இருந்தால் எழுதித் தர ஒரு படிவமும் வந்தது. அதைப் பொன்னாத்தாளிடம் நீட்டிய மெர்சிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"ஏனுங்கக்கா, நான் நல்லாப் பார்த்துக்கிறேன்னு சொல்லியே என்னைய ஊட்டுக்கு அனுப்பிப்போட்டீங்களே."

"மரியாதைக்குச் சொன்னது அம்மணி."

"படிவத்துக்கு மரியாதை தெரியாதுங்களே."

குறை எழுதினால் மெர்சி மேல் விழும். எழுதாவிட்டால் மெர்சியே இருக்கமாட்டாள். பொன்னாத்தாள் படிவத்தோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். நர்ஸம்மா நல்லவங்க என்று முதலில் எழுதினாள். அதன் கீழே: "எனக்கு மூச்சு வாங்குதுங்க. மாசம் ஒரு நாள் பத்தலீங்க. வாரம் ஒரு நாள் வேணுமுங்க." படித்துப் பார்த்து, கீழே எழுதிய மூன்று வரியிலும் இருந்த 'ங்க'வை அடித்தாள்.

படிவம் வாங்கும் அலுவலகம் இரண்டாம் மாடியில். நான்கு இடத்தில் நின்று நின்று ஏறினாள். அங்கிருந்த அதிகாரி, வாங்கம்மா, எப்படி இருக்கீங்க என்றார். பதில் சொல்ல அவளிடம் மூச்சில்லை. படிவத்தை அவர் கையில் கொடுத்தாள்.